அடுத்த கோபுரம் தெரிய வேண்டும்

ஒரு ஜன்னல் இருந்தால் அவருக்குப் போதாது. அந்த ஜன்னலிலிருந்து இன்னொருவர் இருக்கும் இடம் தெரிய வேண்டும்.

அமீரகத்துத் துறைமுகமான ஜெபல் அலியில் எங்கள் கிடங்கின் மாடியில்தான் அலுவலகம். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஏசி காற்று நன்றாக வரும் மேசையை மேலாளர் காட்டினார். அவர் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, நகல் இயந்திரம் சூடு கக்கும் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் கீழே லாரிகள் வந்து நிற்கும் மேடை முழுவதும் தெரியும். சில நாட்களில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முருகேசன் காலையில் வண்டியைக் கிளப்பியதும் அந்த ஜன்னலை நோக்கி ஹாரன் அடிப்பான். அவர் கையைத் தூக்குவார். அதற்குப் பிறகுதான் முருகேசன் முதல் சுமையைத் தூக்குவான்.

"இது என்ன மேடம், சிக்னலா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வந்தவன் வந்து சேந்திட்டான் எண்டு ஆராவது ஒருத்தர் பாக்க வேணும் அண்ணை. பஞ்ச் கார்டு பாக்காது."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதை நெருங்கியவர், தனியாக வாழ்ந்தவர். கப்பல் சரக்குகளுக்கான ஆவணங்களைத் தயாரிப்பது அவர் வேலை. நான் தஞ்சாவூர்ப் பக்கம். வரலாற்றில் முதுகலை படித்துவிட்டு, வளைகுடாவில் வர்த்தகக் கடிதங்கள் எழுதியே வயதானவன். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவன். நான் 'மேடம்' என்பேன். அவர் 'அண்ணை' என்பார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "என்னைப் பேப்பரில போட என்ன புதினம் கண்டனியள்?" என்று கேட்பார்.

அவர் பேச்சில் அடிக்கடி வந்தவை ரோமர்களின் சின்னக் கோட்டைகள். எங்கள் அலுவலகத்தில் கிரிக்கெட் பேசினார்கள், விசா பேசினார்கள், ஊரில் கட்டும் வீட்டைப் பேசினார்கள். இவர் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காவற்கோட்டைகளைப் பேசினார்.

இளம் வயதில் அவர் சில காலம் இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் இருந்திருக்கிறார். அண்ணன் அங்கே கடை வைத்திருந்தார். ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த ஒரு மேட்டில், பல்கலைக்கழகத்துக்காரர்கள் ரோமர் கோட்டையைத் தேடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். கடையில் நிற்கச் சலித்த இவர், அங்கே போய் ஓட்டுத்துண்டு கழுவிக் கொடுக்கும் வேலைக்குத் தன்னார்வமாகச் சேர்ந்துகொண்டார். அப்படித்தான் அந்தப் பைத்தியம் பிடித்தது.

அதை எங்களுக்கு முதன்முறை விளக்கியது தேநீர் இடைவேளையில். முருகேசன் ஏதோ கையெழுத்துக்காக மேலே வந்திருந்தான். அவர் மேசையின் விளிம்பைக் கடற்கரையாக்கினார். ஸ்டேப்லர், அதிலிருந்து ஒரு சாண் தள்ளி முத்திரை, இன்னொரு சாண் தள்ளி பசைப்புட்டி. இடையிடையே பேனா மூடிகள்.

"இது கடல். அங்காலை எதிரி. ரோமரின்ர பெரிய மதில் கடற்கரையில வந்து முடிஞ்சுபோச்சு. ஆனா, கடலாலை சுத்தி வந்திடுவாங்கள் எண்டு பயம். அதால கரை வழிய சின்னச் சின்னக் கோட்டை. இந்த ஸ்டேப்லருக்குள்ள கொஞ்சப் பேர்தான் இருப்பினம். இடையில இந்த மூடியள் எல்லாம் கோபுரம். ஒண்டில நிண்டால் மற்றது தெரியும். அதுதான் அளவு."

முருகேசன் குனிந்து பார்த்தான். "அப்ப அந்த பஞ்சிங் மிஷின் யாரு மேடம்?"

"அது பெரிய கோட்டை. அங்கைதான் சம்பளம் குடுக்கிற அதிகாரி இருக்கிறார்."

"ரெண்டு ஓட்டை போட்டுட்டுத்தான் குடுப்பாரு போல."

அவர் சிரித்தால் தோள்கள் குலுங்கும், சத்தம் வராது. அன்று வெகுநேரம் தோள்கள் குலுங்கின.

எனக்குப் படிப்புத் திமிர் உண்டு. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்துவிட்டு, மறுநாள் வந்து சொன்னேன்: "மேடம், ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு விளக்குக் காட்டினார்கள் என்பதற்கு உறுதியான சான்று இல்லை."

"இல்லைத்தான். ஆனா ஒருத்தனை ஒருத்தன் பாக்கிற தூரத்தில கொண்டுபோய் விட்டுப்போட்டு, பாக்காமலா இருந்திருப்பாங்கள்?"

"அது ஊகம்."

"ஓம் அண்ணை, ஊகம்தான். நீங்கள் சான்றோட இருங்கோ. நான் ஆக்களோட இருக்கிறன்."

அந்த மேட்டைத் தோண்டியபோது போர் நடந்த தடயம் எதுவும் கிடைக்கவில்லையாம். அடுப்புகள் கிடைத்தனவாம். உடைந்த சமையல் பானைகள். கட்டம் கீறிய ஒரு கல், ஏதோ காய் நகர்த்தி விளையாட. இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும். "ஸ்பெயின் பக்கத்து ஆக்களை எல்லாம் கொண்டுவந்து அந்தக் குளிருக்குள்ள விட்டவங்கள். வெயில் ஊர்ப் பிள்ளையள். எதிரி வரேல்லை. வருசக்கணக்கா மழைதான் வந்தது. அவங்கள் சமைச்சாங்கள், விளையாடினாங்கள், பக்கத்துக் கோபுரத்தில ஆள் நிக்குதோ எண்டு பாத்தாங்கள்."

விசா முடிந்ததும் அவரை இங்கிலாந்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். முருகேசன் அதை வைத்தே சீண்டுவான். "அந்தக் கோட்டையே வெளியாள உள்ள விடக் கூடாதுன்னு கட்டுனதுதான மேடம். உங்களத் தொரத்திவிட்டவங்க கோட்டை மேல உங்களுக்கு என்ன இவ்வளவு பாசம்?"

"கட்டினவன்ர பக்கம் இல்லையடா நான். அதில நிண்டவன்ர பக்கம்."

வெள்ளிக்கிழமைகளில் கடலோரப் பழைய காவற்கோபுரங்களைப் பார்க்கப் போவார். அமீரகத்தின் வடகரையில் அப்படி நிறைய உண்டு. மண்ணும் பவளக்கல்லும் கொண்டு கட்டியவை, இப்போது பூசி மெழுகி நிறுத்தியிருக்கிறார்கள். ரோமருக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்குத் தெரியும். "வேலை ஒண்டுதான், உடுப்புத்தான் வேறை" என்பார். ஒருமுறை என்னையும் முருகேசனையும் இழுத்துக்கொண்டு ராஸ் அல் கைமா பக்கம் போனார். கோபுரத்தடியில் இருந்த மேட்டில் ஏறி, கையை நெற்றியில் வைத்துக் கடற்கரையோரம் பார்த்தார். அடுத்த கோபுரம் இருக்க வேண்டிய திசையில் ஒரு ஹோட்டல் நின்றது. அவர் முகம் வாடிவிட்டது. நாங்கள் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிடும்போதும் அதையே பேசினார்.

"மறைச்சுக் கட்டிப்போட்டாங்கள். இனி இவன் ஆரைப் பாப்பான்?"

"யாரு மேடம்?"

"இந்தக் கோபுரத்தில நிக்கிறவன்."

"அதுல யாரும் நிக்கலையே மேடம். பூட்டு தொங்குது."

"நிண்டவன் எண்டு வை."

முருகேசன் புளியோதரையை வாயில் வைத்துக்கொண்டே, "அந்த ஓட்டல்ல நம்ம ஊருப் பய எவனாவது வாட்ச்மேனா நிப்பான் மேடம். அவனப் பாத்துக்கட்டும்" என்றான். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அது நியாயம் என்று தலையசைத்தார்.

எங்கள் நிறுவனத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்த ஒருவர், விடுமுறை நாளில் தொழிலாளர் முகாம் அறையில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அறையில் இருந்த மற்றவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். அடுத்த அறையில் நாள் முழுவதும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். செய்தி வந்த அன்று மாலை இவர் என்னையும் முருகேசனையும் அழைத்தார். கூடவே செல்வியையும் ஃபோனில் பிடித்தார். செல்வி இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெண். ஷார்ஜாவில் ஓர் அரபு வீட்டில் வேலை பார்த்தாள். ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில் அழுதுகொண்டு நின்றவளை இவர் பழக்கம் பிடித்துக்கொண்டதாகக் கேள்வி.

திட்டம் எளிமையானது. மாலையில் மசூதியில் மக்ரிப் பாங்கு முடிந்ததும் அவர் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு தரம் மணி அடிக்கும், அவ்வளவுதான், எடுக்கக் கூடாது. அது வந்ததும் நான் முருகேசனுக்குக் கொடுக்க வேண்டும். முருகேசன் செல்விக்கு. செல்வி அவருக்கு. சுற்று முடிந்தது, நால்வரும் உயிரோடு இருக்கிறோம்.

"வாட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்டுருவோமே மேடம்?" என்றான் முருகேசன்.

"குரூப்பில நூறு பேர் பூப் படம் போடுவினம். ஒருத்தர் போடாட்டா ஆருக்குத் தெரியும்? இது வேறை. உனக்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. பக்கத்துக் கோபுரம் மட்டும்."

அதற்கு ஒரே ஒரு விதி. அதை அவர் எங்கள் ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். "வராட்டா, குடுக்கக் கூடாது." எனக்கு வரவில்லை என்றால் நான் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. சுற்று அறுந்துபோக வேண்டும். அறுந்தால் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தேடுவார்கள்.

ஒருமுறை செல்வியிடமிருந்து வரவில்லை. அவர் டாக்சி பிடித்து ஷார்ஜாவுக்கே போய்விட்டார். வீடு பூட்டியிருந்தது. காவலாளியிடம் இந்தியும் அரபியும் கலந்து சண்டை போட்டிருக்கிறார். பெண் எங்கே என்று "லடுக்கி கஹாங்?" என இவர் கேட்க, இல்லை என்பதற்கு "மாஃபி, மாஃபி" என்று அவர் சொல்ல, "மாஃபி எண்டால் எங்க மாஃபி?" என்று இவர் கத்த, பக்கத்து வீட்டு வாசலெல்லாம் திறந்திருக்கிறது. கடைசியில் பார்த்தால், ஒரு கல்யாணத்துக்காக வீட்டாரோடு செல்வியையும் அல் ஐனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அவசரத்தில் அவள் ஃபோனை அடுக்களையில் விட்டுவிட்டாள்.

"வெறும் ஃபோனுக்கா அக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று செல்வி பிறகு கேட்டபோது, "உன்ர ஃபோனைத் தேடி நான் ஏன் பிள்ளை வாறன்?" என்றார்.

நாங்கள் பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார். "பொய் அலாரம் எண்டால் நல்ல செய்தி எல்லே. அதுக்கு ஏன் முகத்தைத் தூக்கிறியள்?"

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது, சோதனை. எப்போதாவது ஒரு நாள், நன்றாக இருந்துகொண்டே மிஸ்டு கால் கொடுக்க மாட்டார். நாங்கள் விழித்திருக்கிறோமா என்று பார்ப்பார். ரோமர்களும் இப்படித்தான் காவலைச் சுற்றிவந்து சோதிப்பார்களாம்.

ஒரு நாள் தேநீர் வேளையில், எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "அண்ணை, நேற்று என்ர வந்ததோ?"

"வந்ததே" என்றேன்.

"நான் குடுக்கேல்லையே."

அறை முழுக்கச் சிரிப்பு. உண்மை இதுதான். சில மாதங்களாகவே எனக்கு அந்தச் சடங்கு அலுத்துவிட்டிருந்தது. பாங்கு கேட்டதும், அவருடையது வந்ததா என்று பார்க்காமலே முருகேசனுக்குக் கொடுத்துவிட்டு டிவிக்குத் திரும்பிவிடுவேன்.

"சார் மாட்டிக்கிட்டாரு" என்றான் முருகேசன்.

"காவலில நித்திரை கொண்டால் ரோமரில கூட நிக்கிறவையே தடியால அடிப்பினம்" என்றார் அவர். "நான் அடிக்கேல்லை. எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தாங்கோ."

வாங்கிக் கொடுத்தேன். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே அது முள்ளாகத் தைத்தது. அறுபதைத் தொட்ட மனிதனை, படித்தவனை, பையன்கள் முன்னால் பொய்யன் என்று காட்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. பொய்யன் என்பது சரிதான் என்பதால்தான் அவ்வளவு வலித்தது என்று இப்போது தெரிகிறது.

அடுத்த வாரம் ஒரு மாலை, பாங்கு முடிந்தது. ஃபோன் அடிக்கவில்லை. இந்த முறை நான் கவனமாகத்தான் இருந்தேன். ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். நேரம் போனது. அடிக்கவில்லை.

மறுபடியும் சோதனை என்று நினைத்தேன். இந்தத் தடவை நான் கூப்பிட்டு, "மேடம், நலமா?" என்று கேட்க வேண்டும், நாளை அவர் எல்லோர் முன்னாலும், "அண்ணை இப்ப பாஸ்" என்பார். எனக்கு அது பொறுக்கவில்லை. என் ஆத்திரத்துக்கு ஒரு சின்னப் பழி வேண்டியிருந்தது. அவர் கொடுக்காவிட்டாலும் சுற்று சுற்றும், அவர் ஒன்றும் அதற்கு அச்சாணி இல்லை என்று காட்ட நினைத்தேன். வரவில்லை என்று தெரிந்தே, முருகேசனுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன்.

மறந்து செய்தது இல்லை. தெரிந்து செய்தது. இத்தனை ஆண்டுகளாக இந்த வரியைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

மறுநாள் காலையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, கோபம் போலிருக்கிறது என்று எண்ணிக் கடிதங்களைத் திறந்தேன். கீழே ஹாரன் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு நீளமாக ஒரு முறை. அதன்பின் முருகேசன் படியேறி ஓடிவந்தான்.

"சார், மேடம் ஜன்னல்ல இல்ல."

"லீவாக இருக்கும்."

"லீவுன்னா எங்கிட்ட முந்துன நாளே சொல்லுவாங்க சார். கை தூக்க ஆளில்லன்னு." அவன் என் முகத்தைப் பார்த்தான். "நேத்து சுத்து வந்துச்சே சார்? நீங்க குடுத்தீங்களே?"

மேலாளரின் காரைக் கேட்டு வாங்கி, அவனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அவர் இன்டர்நேஷனல் சிட்டி என்ற குடியிருப்புப் பகுதியில் ஒற்றை அறை ஃபிளாட்டில் இருந்தார். கட்டடக் காவலாளி மாற்றுச் சாவியால் திறந்தார். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கிடந்தார். நினைவு இருந்தது. கண் எங்களைப் பார்த்தது. வலப்பக்கம் அசையவில்லை, வாய் கோணியிருந்தது. ஃபோன் மேசைமேல், கைக்கு எட்டாத உயரத்தில். முந்தைய நாள் மாலை, பாங்குக்குச் சற்று முன்னால் விழுந்திருக்கிறார். அறை ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்தில் ஒரு மலையாளிக் குடும்பத்தின் பால்கனி தெரியும். அதற்காகவே எடுத்த அறை அது. தரையில் விழுந்தவருக்கு வானம் மட்டும் தெரிந்திருக்கும்.

முருகேசன் முழந்தாளிட்டு, "மேடம், நான் வந்துட்டேன் மேடம், பாருங்க" என்றான். அவர் இடது கையைச் சிறிது தூக்கினார். காலையில் ஜன்னலில் தூக்குவது போலவே.

மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் குற்றம் சாட்டும் குரலில் பேசவில்லை. "நேற்று மாலையே கொண்டுவந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது. ஒரு சொல், பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொரு சொல். அவரை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் தங்கை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பிற்பகல் தனியாகப் போனேன். கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். உங்களுடையது வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன். உங்கள் மேல் கோபம்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"செல்வி..." என்றார்.

"செல்வி நன்றாக இருக்கிறாள் மேடம்."

இல்லை என்று தலையை அசைத்தார். சொற்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக வைத்தார். "செல்வியின்ர... மணி... அடிச்சது."

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் முருகேசனுக்குக் கொடுத்தேன். முருகேசன் நம்பி செல்விக்குக் கொடுத்தான். செல்வி நம்பி அவருக்குக் கொடுத்தாள். தரையில் கிடந்தபடி, மேசைமேல் ஃபோன் இரண்டு தரம் அடித்து ஓய்வதை அவர் கேட்டிருக்கிறார். அதுவரை, அண்ணைக்கு வரவில்லை, அண்ணை இப்போது தேடுவார் என்று காத்திருந்தவர், அந்த மணியைக் கேட்டதும் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டார். சுற்று நிறைவாக முடிந்துவிட்டது. காவலில் குறையொன்றும் இல்லை.

நான் அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நர்ஸ் வந்து, நேரம் முடிந்தது என்றாள்.

அவர் ஊருக்குப் போனார். கொஞ்ச காலத்தில் நானும் ஓய்வு பெற்றுத் தஞ்சாவூர் வந்துவிட்டேன். முருகேசனிடமும் செல்வியிடமும் நடந்ததைச் சொன்னேன். செல்வி ஃபோனிலேயே அழுதாள். பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. முருகேசன், "விடுங்க சார்" என்றான். ஆனால் அதன்பின் அவன் குரலில் பழைய கிண்டல் வரவில்லை. சுற்று நின்றுபோனது. மாலை நேரங்களில் ஃபோனை இன்னோர் அறையில் வைத்துவிடுவேன்.

ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு எடுத்துப் பார்த்தால், இலங்கை எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால். தவறாக வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே வேளைக்கு வந்தது, இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அன்று ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இடது கையால் எண்களைத் தேடி அழுத்தியிருப்பார். என்னைச் சுற்றை விட்டு நீக்கியிருக்கலாம். முருகேசனுக்கு நேராகவே கொடுத்திருக்கலாம். அவர் என்னை இடம் மாற்றவில்லை. தனக்கு அடுத்த கோபுரமாகவே நிறுத்தியிருந்தார்.

நான் முருகேசனுக்குக் கொடுத்தேன். அங்கே அப்போது அவனுக்கு வேலை முடிகிற வேளை. கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி அனுப்பினான்: "வந்துச்சு சார். செல்விக்குக் குடுத்தாச்சு." செல்வி இப்போது தோஹாவில் இருக்கிறாள். முருகேசன் கொடுத்தால் மறுக்க மாட்டாள்.

அன்று முதல் தினமும் சுற்று ஓடுகிறது. நான்கு பேர், நான்கு நாடுகள், நடுவே கடல். நான் டிவி பார்ப்பதில்லை. விளக்கு வைத்ததும் ஃபோனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். என் மருமகள், "மாமாவுக்கு அந்த நேரத்துல டாக்டர் அப்பாயின்ட்மென்ட்" என்று கேலி செய்வாள்.

போன மாதம் ஒரு மாலை, அது வரவில்லை.

விளக்கு வைத்தாயிற்று, எண்ணெய் தாழத் தொடங்கியது. வரவில்லை. சோதனையாக இருக்குமோ என்ற எண்ணம் அன்றும் வந்தது. வரட்டும் என்று விட்டேன். முருகேசனுக்குக் கொடுக்கவில்லை. அவர் எண்ணுக்கும் அடிக்கவில்லை. அந்த ஃபோனில் மணி கேட்டால் சுற்று முடிந்ததாக ஆகிவிடும் என்று ஒரு பயம். தங்கையின் எண்ணைத் தேடினேன். அதற்குள் முருகேசனே கூப்பிட்டுவிட்டான்.

"சார், உங்களுது வரல. நல்லா இருக்கீங்களா?"

"எனக்கு மேடத்துடையது வரலப்பா."

"அப்ப நான் செல்விக்குக் குடுக்கல சார். வச்சுடுறேன், நீங்க பாருங்க. பாத்துட்டு சொல்லுங்க சார்."

தங்கையின் ஃபோன் நீண்ட நேரம் அடித்தது. எடுத்தாள்.

"ஆர், அண்ணையோ? அக்காவோ? இஞ்சை விறாந்தையில இருக்கிறா. ஃபோனை மடியில வச்சுக்கொண்டு, அதையே பாத்துக்கொண்டு இருக்கிறா. சாப்பிட வரச் சொன்னாலும் வாறா இல்லை. ஏனெண்டு கேட்டால் சிரிக்கிறா. பொறுங்கோ, குடுக்கிறன்."

மூச்சு கேட்டது. அவர் சொற்களைத் தேடுகிறார் என்று தெரிந்து காத்திருந்தேன்.

"அண்ணை."

"சொல்லுங்க மேடம்."

"செல்வியின்ர மணி..." நீண்ட இடைவெளி. எங்கோ ஒரு சைக்கிள் மணி கேட்டது. "அடிக்கேல்லை."

அங்கே சத்தம் ஏதுமில்லை. தோள்கள் குலுங்கிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவரே ஃபோனை வைத்தார். சிறிது நேரத்தில் என் ஃபோன் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. நான் முருகேசனுக்குக் கொடுத்தேன்.